டஸ்ட் பேக் உள்ள வேக்குவம் கிளீனரா, பேக் இல்லாததா?

கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டினால் பேக் இல்லாததுதான் சட்டென்று மனதைப் பிடிக்கும். கண்ணாடி மாதிரி டப்பாவுக்குள் தூசி சுழல்வது தெரிகிறது. "பை வாங்குகிற செலவே கிடையாது சார்" என்கிறார் விற்பவர். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் பை செய்துகொண்டிருந்த வேலையை இனி யார் செய்வது என்பதை அவர் சொல்வதில்லை. பாதி வேலை ஃபில்டரின் தலையிலும் மீதி உங்கள் தலையிலும் வந்து விழும். அந்த மீதியைச் செய்ய உங்கள் வீட்டில் ஆளும் நேரமும் இடமும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பை என்பது குப்பைக் கூடை மட்டும் கிடையாது. உறிஞ்சிய காற்று முழுவதும் பையின் சுவர் வழியாகத்தான் வெளியேறுகிறது, அதனால் மிஷினின் முதல் ஃபில்டரும் அதுதான். பை நல்லதாக இருந்தால் மோட்டாருக்கு முன்னால் இருக்கும் சின்ன ஃபில்டர் மாதக்கணக்கில் வெளுப்பாகவே இருக்கும். பை மட்டமானதாக இருந்தால் மிஷின் எத்தனை ஆயிரம் ரூபாயாக இருந்தாலும் பின்பக்கம் தூசியைக் கக்கும்.

ஆகவே "பேக் உள்ளது" என்று பொதுவாகப் பேசுவதில் அர்த்தமில்லை. எந்தப் பை என்று கேட்க வேண்டும். மூன்று வகை புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது துணிப் பை. நம் ஊரில் குறைந்த விலை மாடல்கள் பலவற்றோடு பெட்டிக்குள் வருவது இதுதான். அடியில் ஜிப்போ, பிளாஸ்டிக் கிளிப்போ இருக்கும், உதறிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்ளலாம். இந்த யோசனை மிகப் பழையது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர், தூசியால் வந்த இளைப்பு தாங்காமல் 1907-ல் தானே ஒரு மிஷின் செய்தார். அதில் தூசிப் பையாகத் தொங்கியது ஒரு தலையணை உறை. 1908-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். முதல் முயற்சிக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் நெய்த துணியில் இழைக்கு இழை இருக்கும் இடைவெளி நுண்தூசிக்குத் திறந்த கதவு. கொஞ்ச நாளில் அந்த இடைவெளிகள் அடைபடும், இழுவை குறையும். உதறினால் மூக்கெல்லாம் தூசி. துவைத்தால் துணி தளர்ந்து இன்னும் அதிகம் கசியும். பேக் உள்ளதன் தொல்லையும் பேக் இல்லாததன் தொல்லையும் சேர்ந்து வருவது இந்த வகையில்தான். துணிப் பையோடு வந்த மிஷின் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதே மாடலுக்குத் தூக்கியெறியும் பை கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். பல மாடல்களுக்குக் கிடைக்கிறது. அதை மாட்டினால் அந்த மிஷினே வேறு மாதிரி வேலை செய்யும்.

இரண்டாவது காகிதப் பை. தூசியைத் துணியைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் துளைகள் சீக்கிரம் அடைபடும். ஈரம் பட்டால் கிழியும், ஹேர்பின் உள்ளே போனால் குத்திக்கொண்டு வெளியே வரும்.

மூன்றாவது ஃபிளீஸ் எனப்படும் நெய்யாத செயற்கை இழைப் பை. மூன்று நான்கு அடுக்காக இருக்கும், தொட்டால் சர்ஜிக்கல் மாஸ்க் தொட்ட மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் நுண்ணிழை அடுக்கு தூசியைத் தன் கனத்துக்குள்ளேயே தாங்கிக்கொள்வதால் மேற்பரப்பு சீக்கிரம் மூடிக்கொள்ளாது. பை முக்கால் நிறைந்த பிறகும் இழுவை பெரிதாகக் குறைவதில்லை. லேசில் கிழிவதும் இல்லை. இனி இந்தக் கட்டுரையில் "பை" என்று வருமிடமெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

பேக் இல்லாத மிஷின் பிறந்ததே காகிதப் பையின் குறையால்தான். பை நிறைவதற்கு முன்பே துளைகள் அடைபட்டு இழுவை போய்விடுகிறதே என்று 1978 வாக்கில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் டைசன் யோசித்தார். மர அறுவை மில்லில் மரத்தூளைக் காற்றிலிருந்து பிரித்தெடுக்கும் பெரிய சைக்ளோன் கூம்பைப் பார்த்து, அதைச் சின்னதாக்கி மிஷினுக்குள் வைக்க முனைந்தார். 5,127 மாதிரிகள் செய்த பிறகுதான் திருப்தியான வடிவம் கிடைத்தது என்பது அவரே பல இடங்களில் சொன்ன கணக்கு. 1993-ல் அவருடைய சொந்தப் பெயரில் மிஷின் விற்பனைக்கு வந்தது. அன்றைய காகிதப் பையோடு ஒப்பிட்டால் அது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். இன்றைய ஃபிளீஸ் பையோடு ஒப்பிட்டால் அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது. கடைப்பேச்சு மட்டும் இன்னும் காகிதப் பை காலத்திலேயே நிற்கிறது.

சைக்ளோன் செய்வது இதுதான்: காற்றை ஓரமாக உள்ளே விட்டு வேகமாகச் சுழற்றுகிறது. கனமான துகள்கள் சுவரில் மோதி வேகம் இழந்து டப்பாவின் அடியில் விழுகின்றன. முடி, மணல், பூந்துடைப்பத்திலிருந்து உதிரும் பூ, பஞ்சு எல்லாம் அருமையாகப் பிரிந்துவிடும். துகள் சின்னதாக ஆக ஆக அதன் எடை போதாமல் காற்றோடே போய்விடும். அப்படித் தப்பிப்பதைப் பிடிக்கத்தான் மோட்டாருக்கு முன்னால் ஸ்பாஞ்ச் ஃபில்டரும், பின்னால் மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரும் வைக்கிறார்கள். ஒரே கூம்புள்ள மலிவு மாடலில் ஃபில்டருக்குப் போகும் தூசி அதிகம். பத்துப் பன்னிரண்டு சின்னக் கூம்புகள் வட்டமாக அடுக்கிய மாடலில் குறைவு. டப்பாவைத் தலைகீழாகப் பிடித்துக் கூம்புகளை எண்ணிப் பார்த்து வாங்கலாம். உள்ளே ஒரு சல்லடை உருளை மட்டும் இருந்து, கூம்பே இல்லையென்றால் அது பெயரளவில்தான் சைக்ளோன்.

நம் வீட்டுத் தூசியில் சில ரகங்கள் இந்த இடத்தில் வில்லங்கம். கோலமாவு, விபூதி, டால்கம் பவுடர், பெயின்டர் பட்டி பார்த்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தூசி, சுவரில் ட்ரில் போட்ட சிமென்ட் தூசி. இவற்றைப் பேக் இல்லாத மிஷினில் இழுத்தால் டப்பா காலியாகத் தெரியும்போதே ஃபில்டர் வெள்ளையாகப் பூசிக்கொண்டு மிஷின் திணற ஆரம்பிக்கும். பேக் உள்ளதிலும் இந்தத் தூசி பையின் ஆயுளைக் குறைக்கும், கால் பை கூட நிறையாமலே இழுவை போகும். ஆனால் அங்கே பையை மாற்றினால் முடிந்தது. இங்கே ஃபில்டரைக் கழுவிக் காயவைத்தாக வேண்டும். அதுவரை வேலை நிற்கும்.

அந்தக் காயவைப்புதான் கடலோர ஊர்களில் பெரிய தலைவலி. ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவினால் 24 மணி நேரம் காயவிடச் சொல்லி மேனுவலில் போட்டிருக்கும். மே மாதத்தில் அது போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இரண்டு நாள் ஆனாலும் நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். தொட்டால் வெளியே காய்ந்த மாதிரி தெரியும். டிஷ்யூ தாளில் சுற்றி நன்றாக அழுத்திப் பாருங்கள், தாளில் ஈரம் ஏறினால் இன்னும் காயவில்லை. அந்த நிலையில் மாட்டினால் ஈரத்தில் தூசி ஒட்டிச் சேறாகும், பூஞ்சை பிடிக்கும், மிஷின் போட்டதும் ஊறிய துணி நாற்றம் வரும். ஈரக்காற்று மோட்டாருக்கும் ஆகாது. கழுவும்போது வெறும் தண்ணீர் போதும், சோப்பு வேண்டாம். வெயிலில் நேராகப் போட்டால் ஸ்பாஞ்ச் பொடியத் தொடங்கும், நிழலில் ஃபேன் காற்றில் வையுங்கள். பேக் இல்லாத மாடல் வாங்குவதாக முடிவு செய்தால் வாங்கும் அன்றே இன்னொரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் சேர்த்து வாங்குங்கள். ஒன்று காயும்போது ஒன்று ஓடும்.

ஹெப்பா விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. எல்லா ஹெப்பாவையும் கழுவ முடியாது. ஃபில்டர் சட்டத்திலேயோ மேனுவலிலேயோ கழுவலாம் என்று தெளிவாக இருந்தால் மட்டும் கழுவுங்கள். கழுவக் கூடாததைக் கழுவினால் பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும், வடிகட்டும் தன்மை போய்விட்டிருக்கும். அதைக் கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. பிரஷ் போட்டுத் தேய்ப்பதும் கூடாது. ஐரோப்பியத் தரத்தில் எச்13 என்று குறித்த ஹெப்பா, வடிகட்டுவதற்கே மிகக் கடினமான அளவுத் துகளில்கூட 99.95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு ஃபில்டருக்கு மட்டும்தான். மிஷினின் மூடி இடுக்கில் ரப்பர் கேஸ்கெட் இல்லையென்றால் காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடும். கடையில் மூடியைத் திறந்து கேஸ்கெட்டை விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வகைக்கும் இது பொருந்தும்.

டப்பாவைக் காலி செய்வதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஆஸ்துமாவோ தூசி அலர்ஜியோ உள்ளவருக்கு முழு வேலையிலும் மோசமான நிமிடம் அதுதான். லிவரை அழுத்தியதும் அடிமூடி திறந்து தூசி மொத்தமாக விழும், கூடவே ஒரு புகைமண்டலம் எழும். நம் கடலோரக் காற்றின் ஈரத்தில் தூசிப்பூச்சிகள் செழித்து வளரும். மெத்தையை உறிஞ்சினால் டப்பாவில் சேருவது அவற்றின் கழிவும்தான். அலர்ஜி கிளப்புவதில் அந்தக் கழிவுக்குத்தான் முக்கியப் பங்கு. வேறு வழியில்லாமல் பேக் இல்லாததுதான் இருக்கிறது என்றால் இப்படிச் செய்யலாம்: மிஷினை நிறுத்தி ஐந்து நிமிடம் விடுங்கள், உள்ளே மிதப்பது படியும். பெரிய குப்பைக் கவருக்குள் டப்பாவை முக்கால்வாசி இறக்கி, கவரின் வாயைக் கையால் டப்பாவோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு லிவரை அழுத்துங்கள். உடனே வெளியே எடுக்காமல் ஒரு நிமிடம் பொறுங்கள். பால்கனியில் செய்யுங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், அலர்ஜி உள்ளவர் தவிர வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். சல்லடை உருளையில் நீள முடி சுற்றி இறுகிக் கிடக்கும். கையால் இழுத்தால் வராது, கத்தரிக்கோலின் முனையை உருளையின் நீளவாக்கில் விட்டு வெட்டினால் துண்டு துண்டாக வரும். டப்பாவில் மேக்ஸ் என்ற கோட்டைத் தாண்டவிடக் கூடாது. தாண்டினால் சுழலும் காற்று பழைய தூசியையே மறுபடி கிளப்பி ஃபில்டருக்கு அனுப்பும்.

பையை மாற்றுவது இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. மூடியைத் திறந்து, பையின் வாயில் இருக்கும் காலர் என்ற கெட்டித் தகட்டை மேலே இழுத்து எடுத்து, அதன் மூடியைத் தள்ளி அடைத்து, குப்பையில் போட்டுவிடலாம். சில பைகளில் இழுக்கும்போதே வாய் தானாக மூடிக்கொள்ளும். புதுப் பை மாட்டும்போதுதான் தப்பு நடக்கும். காலர் அதன் காடியில் கடைசிவரை இறங்க வேண்டும். பையை மடிப்பு பிரித்து, எந்த ஓரமும் மூடியில் சிக்காமல் உள்ளே விரித்துவிட வேண்டும். காலர் அரைகுறையாக உட்கார்ந்தால் தூசி பைக்கு வெளியே போகும். சந்தேகம் இருந்தால் இரண்டு வாரம் கழித்துப் பை அறையின் உள்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். லேசான சாம்பல் பூச்சு சகஜம். காலரிலிருந்து கதிர் விட்ட மாதிரி கோடு கோடாகத் தூசி படிந்திருந்தால் அங்கே கசிகிறது.

பை நிறைந்ததா என்று காட்டும் சிவப்பு அடையாளத்தை அப்படியே நம்ப வேண்டாம். அது பையை எட்டிப் பார்ப்பதில்லை, உள்ளே காற்றழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பதைத்தான் காட்டுகிறது. ஹோஸில் சாக்ஸ் சிக்கினாலும் சிவப்புதான். முழு பவரில் வைத்து, நாசிலைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்தும் சிவப்பு வந்தால் எங்கோ அடைப்பு. பிறகு ஹோஸை மிஷினிலிருந்து கழற்றுங்கள். சிவப்பு மறைந்தால் ஹோஸிலோ குழாயிலோ அடைப்பு, மறையாவிட்டால் பையிலோ ஃபில்டரிலோ. காதாலும் கண்டுபிடிக்கலாம். காற்று ஓட்டம் குறைந்தால் மோட்டாருக்குச் சுமை குறைந்து வேகம் கூடும், சத்தம் கீச்சென்று ஏறும். "நல்லா வேகமா ஓடுதே" என்று அப்போது தோன்றும், உண்மையில் மிஷின் மூச்சு முட்டுகிறது. உலர் தூசிக்கான மிஷினில் மோட்டாரைக் குளிர வைப்பதும் அதே காற்றுதான், ஆகவே தொடர்ந்து ஓட்டினால் சூடேறித் தானாக நின்றுவிடும். அப்போது பிளக்கைப் பிடுங்கி அடைப்பை எடுத்துவிட்டு, நன்றாக ஆறிய பிறகு போட்டால் போதும். மெக்கானிக்கைக் கூப்பிட அவசரம் இல்லை.

பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 1600 வாட், 2000 வாட் என்பது மிஷின் தின்னும் மின்சாரம். இழுவைக்கு அது அளவு கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பரிலிருந்து 900 வாட்டுக்கு மேல் வீட்டு வேக்குவம் கிளீனர் விற்கக் கூடாது என்று விதி வந்தது. அங்கே வீடுகள் அதனால் அழுக்காகிவிடவில்லை. அங்கேயே 2014-ல் ஒட்ட ஆரம்பித்த ஆற்றல் லேபிளை 2018 நவம்பரில் நீதிமன்றம் ரத்து செய்தது. மிஷினைக் காலியாக வைத்துச் சோதித்ததுதான் காரணம். வழக்குப் போட்டது டைசன் நிறுவனம். பை காலியாக இருக்கும்போது கிடைக்கும் எண்ணும், தூசி சேர்ந்த பிறகு வீட்டில் கிடைக்கும் இழுவையும் வேறு வேறு என்ற வாதம் நியாயமானது. ஃபில்டர் அடைத்த பேக் இல்லாத மிஷினுக்கும் அதே வாதம் அப்படியே பொருந்தும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பை உள்ள மிஷினின் உண்மையான பலவீனம் பை கிடைப்பதுதான். இந்த ஒன்றில் ஏமாந்தால் மற்ற எல்லா நன்மையும் வீண். மாடல் நின்றுபோனால் பையும் சில வருடத்தில் மறையும். பணம் கட்டுவதற்கு முன் அந்த மாடலுக்கான பையின் பார்ட் நம்பரைக் கேட்டு வாங்கி, ஆன்லைனில் இரண்டு மூன்று இடங்களில் இருப்பில் உள்ளதா, வேறு கம்பெனிகளும் அதே அளவில் செய்கின்றனவா என்று பாருங்கள். பல மாடல்களுக்குப் பொதுவாகப் பொருந்தும் பை என்றால் கவலை குறைவு. யுனிவர்சல் பை என்று விற்பதை வாங்குவதற்கு முன் காலரின் நீளம், அகலம், நடு ஓட்டையின் விட்டம் மூன்றையும் ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். ஓட்டை இரண்டு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தாலும் கசியும்.

செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். இரண்டு படுக்கையறை வீட்டில் வாரம் இரண்டு தடவை ஓட்டினால் மூன்று லிட்டர் பை சுமார் இரண்டு மாதம் வரும், வருடத்துக்கு ஆறு பை. ஒன்று 150 ரூபாய் என்று வைத்தால் 900 ரூபாய். பேக் இல்லாததில் இந்தச் செலவு இல்லை, ஆனால் ஹெப்பாவும் ஸ்பாஞ்சும் காலாவட்டத்தில் மாற்ற வேண்டும். அந்த மாடலின் ஒரிஜினல் ஃபில்டர் விலையைக் கேட்டுவிட்டுத்தான் எது மலிவு என்று பேச வேண்டும். பையைப் பின்பக்கம் வெட்டிக் கொட்டிவிட்டு கிளிப் போட்டு மறுபடி பயன்படுத்துபவர்கள் உண்டு. இழைகளுக்குள் ஏறிய நுண்தூசி கொட்டினாலும் வராது. இழுவை குறைந்த பையோடு மல்லுக்கட்டுவதுதான் மிச்சம்.

பைக்குள் இரண்டு மாதம் கிடக்கும் குப்பை நாறும் என்ற புகாரும் நியாயமானதே. சோற்றுப் பருக்கை, பிஸ்கட் தூள், பூனை முடி போனால் மழைக்காலத்தில் நாறத்தான் செய்யும், எறும்பும் வரும். சாப்பாட்டு மேசைக்கடியில் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பிறகு மிஷினை ஓட்டுங்கள். செல்லப்பிராணி உள்ள வீட்டில் பை நிறையாவிட்டாலும் மாதத்துக்கு ஒன்று மாற்றிவிடுவது நல்லது. ஊதுபத்திச் சாம்பலை இழுப்பதாக இருந்தால் கங்கு முழுக்க ஆறியிருக்க வேண்டும், மணிக்கணக்கில் ஆறியதாக இருந்தால் இன்னும் நல்லது. பைக்குள் தூசியும் பஞ்சும் காற்றும் சேர்ந்திருக்கும்போது ஒரு பொறி போதும்.

பேக் இல்லாதது தெளிவாக ஜெயிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கட்டிலுக்கடியில் உறிஞ்சும்போது 'கிளிங்' என்று ஏதோ போன சத்தம் கேட்டால், டப்பாவைப் பார்த்தே தோட்டின் திருகா, சட்டைப் பித்தானா என்று தெரிந்துவிடும். பையென்றால் செய்தித்தாள் விரித்துப் பையை வெட்டிக் கையால் துழாவ வேண்டும். நகை தொலைவது அடிக்கடி நடக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

என் முடிவு இது. வீட்டில் இளைப்பு, அலர்ஜி உள்ளவர் இருந்தால், அல்லது மெத்தை, சோபா, கார்ப்பெட் அதிகம் இருந்தால் ஃபிளீஸ் பையும் எச்13 ஹெப்பாவும் கேஸ்கெட்டும் உள்ள மிஷினை எடுங்கள், கூடவே ஒரு வருடத்துக்கான பையை வாங்கி அலமாரியில் வையுங்கள். டைல்ஸ் தரை, முடியும் மணலும்தான் பெரும்பாலான குப்பை, பால்கனியில் வெயில் வரும், டப்பா கொட்ட அலுத்துக்கொள்ளாத ஆள் உண்டு என்றால் பல கூம்புள்ள பேக் இல்லாத மாடல் நன்றாகவே உழைக்கும். வீட்டில் பெயின்ட் வேலை, மர வேலை நடக்கப்போகிறது என்றால் இரண்டுமே வேண்டாம், டிரம் மாதிரி இருக்கும் வெட் அண்ட் டிரை மிஷினில் ஃபிளீஸ் பை போட்டு ஓட்டுங்கள். அதில் தண்ணீர் உறிஞ்சும் முன் பையைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். ஸ்பாஞ்சா, கார்ட்ரிட்ஜா, எந்த ஃபில்டரோடு தண்ணீர் இழுக்கலாம் என்பது மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பியில்லாத கைப்பிடி மிஷின்களில் பை உள்ளவை அபூர்வம், டப்பாவும் அரை லிட்டர் சுற்றித்தான் இருக்கும், ஒவ்வொரு தடவையும் கொட்டியே ஆக வேண்டும். ரோபோ மிஷின் வாங்குபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். தானே போய்க் குப்பையைக் கொட்டிவிட்டு வரும் ரோபோவின் நிலையத்துக்குள், பெரும்பாலான மாடல்களில், இரண்டரை மூன்று லிட்டர் பை ஒன்று இருக்கும். அதற்கும் பார்ட் நம்பர் கேட்டு, இங்கே கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள்.